குடும்பத்தோடு காணத்தக்க படம்

திரைப்பட விளம்பரங்களிலே நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர் ஒன்றுண்டு. "குடும்பத்தோடு காணத்தக்க படம்" என்பதே அது. எளிய தொடர்தான், ஆயினும் அதனுள்ளே ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. குடும்பத்துக்குத் தக்கது எதுவெனத் தீர்ப்பவர் யார்? வீட்டுக்குப் பெரியவரா, தாயாரா, பாட்டைக் கேட்டு மயங்கிய பிள்ளைகளா, அன்றித் தணிக்கைச் சபையாரா? உற்றாரும் நண்பரும் கூடி ஓர் இரவு படம் பார்க்கப் புறப்படுமுன் நடைபெறும் அச்சிறு ஆலோசனைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஆராயின், தமிழ்ச் சினிமா வளர்ந்த வழியும், எமது வீடுகளிலே சொல்வலிமை ஒருவர் கையினின்றும் மற்றவர் கைக்கு மாறிய வழியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலைக் காணலாம். அவ்விரண்டினையும் சுருக்கமாக எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் தேர்ந்த காலம்

சினிமா தோன்றுதற்கு முன் இரவுப்பொழுதைக் கழிக்க எம்மவர்க்கு வாய்த்தது கூத்து. அறுவடை முடிந்த நாட்களிலே கோயில் வீதியிலோ வெட்டவெளியிலோ களரி அமைத்து விடிய விடிய ஆடுவர். எந்தக் கூத்தை ஆடுவதென்று தீர்மானித்தவர்கள் அண்ணாவியாரும் ஊர்ப் பெரியோருமே. ரிக்கற் என்பது இல்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாட்டன் முதற் பேரன் ஈறாக எல்லாரும் சென்றனர். குழந்தை உறங்கினால் உறங்கட்டும். கதையோ எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆகவே ஒரு வீட்டார் தமக்குள்ளே கூடி ஆராய்ந்து தேர வேண்டிய தேவையே அக்காலத்தில் எழவில்லை. ஊர் தேர்ந்தது, வீடு பின்சென்றது.

தமிழகத்திலிருந்து நாடகக் குழுவினர் வந்து கொட்டகை அமைத்துப் பணம் வாங்கி நாடகம் நடத்தத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறிற்று. பணம் கொடுப்பவன் எவனோ அவனே தேர்பவனும் ஆனான். மேலும், கூத்தாடுதலும் நாடகம் நடித்தலும் குலமகளிர் காணத்தகாதன என்னும் எண்ணம் அந்நாளில் வலுவாக இருந்தது. அவ்வெண்ணத்தைத் தளர்த்தியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார். கற்றோரும் உத்தியோகத்தரும் மேடையேறிய அச்சபையின் நாடகங்களைக் குடும்பத்தோடு காண எவரும் கூசவில்லை. அவரைக் குருவாகக் கொண்ட எமது கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள் இலங்கையிலும் அந்நெறியைப் பரப்பினார். "இது மதிப்புள்ளோர் காணும் காட்சி" என்னும் நம்பிக்கை இவ்வாறு பிறந்தது. பின்னாளிற் சினிமா வந்தபோது அந்த நம்பிக்கையையே அது தேடித் திரிந்தது.

தெரிந்த கதையே பாதுகாப்பு

1895 டிசம்பர் 28இல் பாரிஸ் நகரத்துக் கபே ஒன்றின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர் காசு வாங்கிப் படங்காட்டினர். ஆறே மாதங்கடந்து, 1896 ஜூலை 7இல், பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அப்படங்கள் ஓடின. தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைபடக்காரராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படப்பொறியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படங்காட்டினார். அவர் முதலிற் காட்டியவற்றுள் இயேசுநாதரின் சரிதையும் ஒன்று. அக்காலத்தில் "எந்தப் படம்" என்ற வினாவுக்கு இடமில்லை. "போவதா, விடுவதா" என்பதே வினா. ஓடும் ரயிலைக் காட்டினாலும் ஓடும் குதிரையைக் காட்டினாலும் சனம் கூடிற்று.

படங்கள் பெருகியபோதுதான் தேர்வு பிறந்தது. 1913இல் தாதாசாகேப் பால்கே தமது முதற் படத்துக்கு அரிச்சந்திரன் கதையை எடுத்துக்கொண்டமை தற்செயலன்று. தென்னாட்டிலே நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப் படமும் கீசகவதம் என்னும் பாரதக் கதையே. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதற் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" தமிழும் தெலுங்கும் கலந்து பேசிற்று. அதுபற்றி எவரும் பெரிதும் கவலைப்படவில்லை. அதன் பின்னும் சில ஆண்டுகள் வள்ளி திருமணம், பவளக்கொடி, நந்தனார் எனப் புராணமும் பக்தியுமே திரையை நிறைத்தன.

இதற்குக் காரணம் பக்தி மட்டும் என்று கூறிவிடலாகாது. இருட்டறையிலே ஆணும் பெண்ணும் அந்நியரோடு அருகிருந்து பார்க்கும் புதிய பொழுதுபோக்கு இது. தகப்பன் தன் தாயையும் மனைவியையும் பெண்மக்களையும் அழைத்துச் செல்ல வேண்டுமாயின், உள்ளே என்ன நிகழும் என்பது அவனுக்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். நந்தன் தில்லைக்குப் போவான் என்பது தெரியும். வள்ளியை முருகன் மணப்பான் என்பதும் தெரியும். தெரிந்த கதையே அச்சத்துக்கு மருந்தாயிற்று. 1935இல் நந்தனாராக நடிக்கக் கே. பி. சுந்தராம்பாளுக்கு 1 இலட்சம் ரூபா வழங்கப்பட்டதென்பர். அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. மேடையிலே மதிப்புப் பெற்ற ஒரு குரலுக்கு, குடும்பங்களை உள்ளே அழைத்துவரும் ஆற்றலுக்கு, முதலாளிகள் கொடுத்த விலை அது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தாய்தந்தையரைப் பேணாதவன் திருந்தும் கதை அது. பெரியோர் தேர்வதற்கு அதனினும் ஏற்றது வேறென்ன?

இக்காலத்திலே தேர்வுக்கு உதவியவை இரண்டு. ஒன்று பத்திரிகை. கல்கி அவர்கள் "ஆனந்த விகடன்" இதழிலே கர்நாடகம் என்னும் புனைபெயரில் எழுதிய விமரிசனங்களைப் படித்துவிட்டுப் படம் பார்க்கச் சென்றவர் பலர். படித்துவிட்டுச் செல்லாது விட்டவரும் உளர். 1939இல் அவரது "தியாக பூமி" கதை விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே அதன் படக்காட்சிகளும் கூடவே அச்சாயின. வீட்டில் வாசித்த கதையைத் திரையிற் காணும் வழக்கத்துக்கு இது நல்ல முன்மாதிரி.

மற்றொன்று பாட்டுப் புத்தகம். மெல்லிய தாளில் அச்சிட்ட அச்சிறு புத்தகத்திலே பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். உச்சக்கட்டத்துக்கு வந்ததும் "மிகுதியை வெள்ளித்திரையிற் காண்க" என்று நின்றுவிடும். முந்திப் பார்த்தவர் வாங்கி வந்த புத்தகம் அயல்வீடுகளுக்கெல்லாம் கைமாறும். அதனை வாசித்த பெண்கள் படத்தைப் பார்க்குமுன்னரே பாதிப் படத்தை அறிந்துவிடுவர். "இப்படம் வேண்டும்" என்று அவர்கள் காரணத்தோடு கேட்கத் தொடங்கியது அப்புத்தகத்தின் பயனே எனலாம்.

சட்டத்தின் முத்திரை

அரசாங்கமும் இத்தேர்விற் கைவைத்தது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் பகிரங்கக் காட்சிகள் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1918ஆம் ஆண்டின் சினிமாச் சட்டமும் இதற்கு அடிகோலின. எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்பதே அவற்றின் முதல் நோக்கு. அந்நிய ஆட்சிக்கு ஊறு நேராமற் காத்தலும் அதில் அடங்கும். வயதுக்கேற்ப வகுக்கும் முறை சிறிது சிறிதாக வளர்ந்தது. இந்தியாவிலே எல்லார்க்கும் உரியது, வயது வந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் இரு பிரிவோடு, பெற்றார் துணையோடு காணத்தக்கது என்னும் நடுப்பிரிவு 1983இற் சேர்க்கப்பட்டது. 2024இல் அந்த நடுப்பிரிவே 7, 13, 16 என வயதெல்லைகளாக மேலும் பிரிக்கப்பட்டது.

மிஷன் பாடசாலையிற் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். இக்கவலை எமக்கு மட்டும் உரியதன்று. 1934இல் அமெரிக்கக் கத்தோலிக்கர் தகாத படங்களைக் காண்பதில்லை எனத் திரளாக உறுதிமொழி எடுத்தனர். 1936இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் சினிமாவைப் பற்றியே ஒரு திருமுகம் விடுத்து, எல்லாரும் காணத்தக்கவை எவை, காணத்தகாதவை எவை என ஒவ்வொரு நாட்டிலும் பட்டியல் வெளியிட வேண்டுமென்றார். சமயம் வேறாயினும் பெற்றோர் மனம் ஒன்றே. ஆயின் முத்திரையும் பட்டியலும் எது தீங்கானது என்று கூறுமேயன்றி, இன்றிரவு எல்லாரும் சேர்ந்து மகிழத்தக்கது எது என்று கூறமாட்டா. அதனை வீடேதான் தீர்க்க வேண்டியிருந்தது.

வானொலியும் தாய்மாரும்

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952இல் இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, இந்திய மக்கள் தம் வானொலிப் பெட்டிகளைக் கொழும்பை நோக்கித் திருப்பினர். மயில்வாகனனின் குரல் பாக்குநீரிணையின் இருகரையிலும் வீட்டுக் குரலாயிற்று. படம் வருமுன்னரே பாட்டு வந்தது. வீட்டைவிட்டு வெளியே அதிகம் செல்லாத பெண்கள், சமைத்துக்கொண்டும் துணி தைத்துக்கொண்டும் படத்தின் சுவையை அறிந்தனர். பாட்டு நன்றாயின் படம் பார்க்கலாம் என்பது பொதுவிதியாயிற்று.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு போதும். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய "அந்த நாள்" பாட்டும் ஆட்டமும் அற்ற படம். அறிஞர் புகழ்ந்தனர், இந்திய அரசின் விருதும் கிடைத்தது, மக்கள் திரளவில்லை. படம் கடினமானது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். வேறொரு காரணமும் உண்டென நான் எண்ணுகின்றேன். பாட்டில்லாத படத்தை வீட்டிலிருந்தபடியே சுவைபார்க்க வழியில்லை. ஆகவே அதனைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

வீட்டிலே தாயின் சொல் ஏறியதைப் பட முதலாளிகள் விரைவில் உணர்ந்தனர். சாண்டோ சின்னப்பா தேவர் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: 1956இல் "தாய்க்குப் பின் தாரம்", 1961இல் "தாய் சொல்லைத் தட்டாதே", 1962இல் "தாயைக் காத்த தனயன்". சண்டையும் காதலும் நிறைந்த படங்களே இவை. எனினும் பெயர் தாயின் உத்தரவைக் கேட்டு வாயிலில் நிற்கின்றது. திரையிலே புகையாத, குடியாத கதாநாயகன் என்பதும் தாய்மாருக்குக் கொடுத்த உறுதிமொழியே. மகன் சண்டைக்காகப் போனான். தாய் பெயருக்காக விட்டாள். இருவரும் ஒரே படத்துக்குப் போயினர்.

இரண்டுபட்ட வீடும் ஒன்றுபட்ட வீடும்

1949இல் அண்ணாத்துரையின் "வேலைக்காரி"யும், 1952 தீபாவளிக்குக் கருணாநிதியின் வசனத்தில் "பராசக்தி"யும் வந்தபோது தேர்வு வாக்குவாதமாயிற்று. கோயிற் பூசாரியைச் சாடும் காட்சியைக் கண்டு பெரியோர் கொதித்தனர். படத்தைத் தடைசெய்ய வேண்டுமென்ற குரலும் எழுந்தது. இளைஞரோ வசனங்களை மனனஞ்செய்து தெருவிலே பேசித் திரிந்தனர். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு படத்துக்கும் மகன் வேறொரு படத்துக்கும் போகும் வழக்கம் இக்காலத்திற் பரவியது என்பது மிகையாகாது.

அவ்வாறு பிரிந்த வீட்டை மீண்டும் சேர்த்துவைத்ததும் சினிமாவேதான். 1954இல் வந்த "மனோகரா", பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகம். பெரியோர் கதைக்காகச் சென்றனர். இளையோர் கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனின் நடிப்புக்காகவும் சென்றனர். 1965இல் ஏ. பி. நாகராஜனின் "திருவிளையாடல்" வந்தபோது, "பராசக்தி"யிலே கோயிலில் நின்று கேள்வி கேட்ட அதே நடிகர் சிவபெருமானாகத் தோன்றினார். 13 ஆண்டுகளுக்கு முன் வீட்டை இரண்டாக்கிய முகம், இப்போது மூன்று தலைமுறையை ஒரே வரிசையில் இருத்திற்று. எவரும் தம் கொள்கையை விட்டுவிடவில்லை. எல்லார்க்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது, படம் ஒன்றாயிருந்தது. குடும்பத் தேர்வின் இரகசியம் இதுவேயென்று கருதுகின்றேன்.

அந்நாளைய யாழ்ப்பாணத்திலே வின்சர், வெலிங்டன், ராணி, ராஜா, மனோகரா எனக் கொட்டகைகள் பல இருந்தன. றீகல் ஆங்கிலப் படங்களுக்குப் பேர்பெற்றது. கிராமத்திலிருந்து வருவோர் ஏ40 ஓஸ்ரின் கார் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொள்வர். காரிற் கொள்ளுமட்டும் அயலவரும் ஏறுவர். பிள்ளைகள் மடியில் இருப்பர். அத்தனை பேருக்கும் ஒத்துவரும் படமொன்றைத் தேர்வதற்கு ஒரு கிழமை ஆலோசனை நடக்கும் என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கின்றேன். கலரியா, பல்கனியா என்பது பின்னால் எழும் வினா. பணம் கொடுப்பவர் வாய்திறவாமலிருக்க, பாட்டியாரின் ஒரு சொல்லிலே தீர்ப்பு மாறுவதும் உண்டாம். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அவ்வாலோசனையில் மிகக் குறைந்த குரல் கன்னிப் பெண்களுக்கே இருந்தது. அவர்களைக் காப்பதாகக் கூறியே மற்றவர் தேர்ந்தனர். அவர்களைக் கேட்டுத் தேர்ந்தவர் சிலரே.

எமது படங்களுக்கு நேர்ந்தது

இத்தேர்வினால் இழப்பும் உண்டாயிற்று. முதற் சிங்களப் பேசும் படமான "கடவுணு பொறொந்துவ" 1947 ஜனவரி 21இல் வெளிவந்தது. அதனை மதுரையிலுள்ள படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். 1956இல் "ரேகாவ" வந்தபின் சிங்களப் படம் தன் மண்ணிற் காலூன்றிற்று. எமக்கோ 1962இற் "சமுதாயம்", அடுத்த ஆண்டிற் "தோட்டக்காரி", 1972இற் "குத்துவிளக்கு" என ஒவ்வொன்றாக வந்தன. 1977இல் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்து வாழ்வைச் சாதியின் கொடுமையோடு "பொன்மணி"யிற் படைத்தார். 1978இல் செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" நாவல் படமாயிற்று.

இவற்றுட் பல நெடுநாள் ஓடவில்லை. பணக்குறைவும் தொழில்நுட்பக் குறைவும் காரணங்களென்பர், அது மெய்யே. ஆயின் குடும்பத்துக்கு ஓர் இரவு, ஒரு கார், ஒரு ரிக்கற் செலவு. அந்த ஓரிரவைத் தெரியாத முகத்துக்குக் கொடுக்க எவருக்கும் துணிவு வரவில்லை. தெரிந்ததையே தேரும் பழக்கம் 1935இல் எமக்குப் பாதுகாப்பாயிருந்தது. 1977இல் அதுவே எமது சொந்தக் கலைக்கு வாயிலை அடைத்தது. பின்னர் 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையாயிற்று. படச்சுருள்கள் பலவும் அழிந்தன. அன்று பார்க்காது விட்ட சில படங்களை இன்று விரும்பினாலும் பார்க்க இயலாது.

இருளிலே கூடிய கூட்டம்

1980களில் வீடியோ வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயலவரெல்லாம் காசு சேர்த்து, முற்றத்தில் வைத்து மூன்று படம் விடிய விடியப் பார்த்தனர். 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் பொன்போல் அரிதான அந்நாட்களில் ஒரு படத்தைத் தேர்வது சிறு காரியமன்று. எண்ணெய் தந்தவருக்கு ஒரு படம், முதியோருக்கு ஒரு பக்திப் படம், பிள்ளைகளுக்கு ஒரு சண்டைப் படம் எனப் பங்கிட்டனர் என்பர். ஊர் தேர்ந்த பழைய கூத்து இரவு வேறோர் உருவில் மீண்டு வந்ததுபோலும்! வேறுபாடு ஒன்றே. கூத்தைப் பெரியோர் மட்டுமே தேர்ந்தனர். இங்கே காசு சேர்த்த எல்லாரும் பேசினர்.

இற்றை நாள்

2016இல் நெட்பிளிக்ஸ் இலங்கையையும் எட்டியது. 2020இற் கொரோனாத் தொற்றினாற் கொட்டகைகள் பூட்டப்பட்டபோது, "பொன்மகள் வந்தாள்" போன்ற தமிழ்ப் படங்கள் நேரே வீட்டுத் திரைக்கு வந்தன. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. பாட்டியார் ஓர் அறையில் பழைய படம் பார்க்கின்றார். தம்பி மறு அறையில் கொரியப் படம் பார்க்கின்றான். யாரும் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. அன்று வாய்திறவாதிருந்த பெண்பிள்ளை இன்று தான் விரும்பியதைத் தானே தேர்கின்றாள். இது சிறு பேறன்று. இதனை இழந்து பழைய நாளுக்குத் திரும்ப வேண்டுமென்று எவரும் கேட்டல் தகாது.

ஆயினும் ஒன்று குறைந்து வருகின்றது. நூறாண்டாக அந்தச் சிறு ஆலோசனையில் நாம் பழகிக்கொண்டது படத்தைத் தேரும் திறன் மட்டுமன்று. மற்றவருக்காக விட்டுக்கொடுக்கும் பழக்கமும் ஆகும். எனக்குப் பிடியாத படத்தைத் தங்கைக்காகப் பார்ப்பதும், பார்த்தபின் அதிலே நன்மை ஒன்றைக் கண்டு வியப்பதும் தனியறைக் கைப்பேசி கற்றுத்தரமாட்டாதன. எவரோ கணக்கிட்டு "உமக்குப் பிடிக்கும்" என்று நீட்டும் படம், நமக்குத் தெரிந்ததையே மீண்டும் நமக்குத் தருகின்றது. 1977இல் நாம் அவ்வாறு தெரிந்தே தெரிந்ததைத் தேர்ந்து எதனை இழந்தோம் என்பதை மேலே கண்டோம்.

ஆதலின் எமது சங்கத்தாருக்கு ஒரு சிறு யோசனை கூறி அமைகின்றேன். ஆண்டுக்கு இருமுறையேனும் அங்கத்தவர் குடும்பங்கள் கூடிப் படம் பார்க்கும் இரவொன்றை ஒழுங்குசெய்யலாம். ஒன்று பெரியோர் தேர்ந்ததாகவும் மற்றது இளையோர் தேர்ந்ததாகவும் இருக்கட்டும்; இரண்டுக்கும் எல்லாரும் வருதல் வேண்டும். தேரும்போது குரல் குறைந்தவரை முதலிற் கேட்போம். எமது நாட்டிலே எடுத்த தமிழ்ப் படம் ஒன்றாயினும் அவற்றுள் இடம்பெறட்டும். படம் முடிந்தபின் தேநீர் அருந்திக்கொண்டு சிறிது நேரம் அதைப்பற்றி வாதிடுவோம். குடும்பத்தோடு காணத்தக்க படம் என்பது விளம்பரக்காரர் செய்து தருவதன்று. குடும்பம் கூடியிருந்து ஆக்கிக்கொள்வது.